கொள்ளி வைக்க ஒருநாள் விடுப்பு

சிறைச்சாலையில் நலன்புரி உத்தியோகத்தராக இருந்த காலத்தில் தொலைபேசி அடித்தாலே எடுக்கத் தயங்குவேன். கைதியின் வீட்டிலிருந்து நல்ல செய்தி சொல்ல யாரும் அழைப்பதில்லை.

அன்று காலை அழைத்தவர் உரும்பிராய்ப் பக்கத்து ஊரொன்றின் கிராம அலுவலர்.

"மிஸ், கணேசன்ரை தாய் விடிய மோசம் போயிட்டா. நாளைக்கு மத்தியானம் எடுக்கினம். அவவுக்கு ஒரே பொடியன். கொள்ளி வைக்க உவனை விடுவியளோ?"

கணேசன் ஆயுள் தண்டனைக் கைதி. எல்லை வேலியின் கதியால் கம்பைத் தள்ளி நட்டதில் தொடங்கிய சண்டையில், சித்தப்பாவின் மூத்த மகனை மண்வெட்டியால் அடித்துக் கொன்றவன். தாயின் செய்தியைச் சொன்னபோது அவன் அழவில்லை. "அப்ப ஆர் மிஸ் கொள்ளி வைக்கிறது?" என்று மட்டும் கேட்டான்.

தாய் தகப்பன் இறந்தால் கைதியைக் காவலோடு அனுப்ப விதியில் இடமுண்டு. இடமிருப்பது வேறு, அனுப்புவது வேறு. எங்கள் அத்தியட்சகர் பொலிசிடம் அபிப்பிராயம் கேட்டார். கொலையுண்டவரின் தம்பி சிவராசா பக்கத்துக் காணியில் இருக்கிறார், கணேசனைக் கொண்டுவந்தால் வெட்டுக்குத்தில் முடியும், பரிந்துரைக்க முடியாது என்று பதில் வந்தது.

"பொலிஸ் வேண்டாம் எண்டால் நான் என்ன செய்யிறது மிஸ்? அங்கை ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

"சிவராசா தனக்கு ஆட்சேபம் இல்லையெண்டு சொன்னால் விடுவியளோ சேர்?"

அவர் சிரித்தார். "அண்ணையைப் பறிகுடுத்தவன் சொல்லுவானோ? கேட்டுப் பாருங்கோவன்."

கேட்டுப் பார் என்று என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

வெங்காயத் தோட்டத்தில்

சிவராசா மண்வெட்டியால் வாய்க்கால் திறந்து வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். வேலிக்கு அப்பால் பறை கேட்டது. இறந்தவர் அவருக்குப் பெரியம்மா முறை. பக்கத்து வீட்டில் பிரேதம் கிடக்க யாரும் தோட்டத்தில் இறங்குவதில்லை. இவர் வீம்புக்கு இறங்கியிருந்தார்.

பயிற்சியில் சொல்லித் தந்தபடி இரக்கம், மனிதாபிமானம், தாய்ப்பாசம் என்று நான் தொடங்கினேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"என்ரை அண்ணை செத்த அண்டைக்கு, அவற்றை பிள்ளையளுக்கு உந்த இரக்கத்தை ஆர் காட்டினது?"

அவர் கேட்டது நியாயம். ஆனாலும் திரும்பிப் போக மனமில்லாமல் வரம்பிலேயே நின்றேன்.

அந்த நேரம் செத்தவீட்டிலிருந்து இரண்டு பெரியவர்கள் ஒழுங்கைப் பாதையால் சுற்றி வந்தார்கள்.

"தம்பி சிவராசா, கணேசனை விடமாட்டினமாம். நீதான் பெறாமகன். உரித்து உனக்குத்தான். நாளைக்குக் கிணத்திலை தோய்ஞ்சுபோட்டு வந்து நில்."

சிவராசாவின் கையிலிருந்த மண்வெட்டி அப்படியே நின்றது. "என்ன கதைக்கிறியள்? அண்ணையைக் கொலை செய்தவன்ரை தாய்க்கு நான் கொள்ளி வைக்கிறதோ?"

"வேறை ஆர் இருக்கு? அவ உன்னையும் தூக்கி வளர்த்தவதானே. அநாதைப் பிணமாய் எரிக்கிறதோ?"

சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். சிவராசா தண்ணீர் மெசினை நிறுத்திவிட்டு வரம்பில் குந்தினார். இந்த முறை நான் இரக்கத்தின் பெயரையே எடுக்கவில்லை.

"அண்ணை, இனி ரண்டு வழிதான். ஒண்டு, நீங்கள் கொள்ளி வைக்கவேணும். இல்லாட்டி உவன் வைக்கவேணும். உவன் வாறதெண்டால் நீங்கள் பொலிசிலை ஒரு சொல்லுச் சொல்லவேணும்."

அவர் மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார். பிறகு எழும்பிக் காலைக் கழுவினார்.

"சொல்லுறன். உவனிலை இரக்கப்பட்டு எண்டு மட்டும் நினையாதையுங்கோ."

"நினைக்கேல்லை. வெளிக்கிடுங்கோ."

பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. உண்மையாகவே ஆட்சேபம் இல்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சிவராசா மேசையில் அடிக்காத குறை. "நான்தானே சொல்லுறன்! உவன்ரை தாய்க்கு உவன் வந்து செய்யட்டும்!" அவ்வளவு ஆத்திரத்தோடு ஆட்சேபமில்லை என்று சொன்ன ஒருவரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

கைவிலங்கு

அத்தியட்சகர் அனுமதி தர, மறுநாள் கணேசனை இரண்டு காவலர்களோடு செத்தவீட்டுக்குக் கொண்டுபோனோம். அவனுடைய வலது கை ஒரு காவலரின் கையோடு பூட்டியிருந்தது. சுடலையில் குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு சிதையைச் சுற்ற வேண்டும். ஒற்றைக் கையால் அது முடியாது. விலங்கைக் கழற்றுங்கள் என்றேன். "உவ்வளவு சனத்துக்குள்ளை கழட்டி, ஆள் ஓடினால் என்ரை வேலை போகும் மிஸ்" என்றார் காவலர். அவரையும் குறை சொல்ல முடியாது. குருக்கள் நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினார். கணேசன் தாயின் காலடியில் தலை குனிந்து நின்றான். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

அப்போது வேலிப் பக்கமிருந்து சிவராசா படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பறை நின்றது. அவர் கணேசனைப் பார்க்காமல் நேரே காவலரிடம் போனார்.

"கழட்டி விடுங்கோ. உவன் ஒற்றைக் கையாலை தூக்கிக் குடத்தை இடையிலை போட்டு உடைச்சால் பிறகு என்னைத்தான் கூப்பிடுவினம். சுடலை வரைக்கும் நான் பின்னாலை வாறன். ஓடினால் நானே பிடிச்சுத் தாறன்."

செத்தவீடென்றும் பாராமல் யாரோ சிரித்துவிட்டார்கள். காவலர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். விலங்கு கழன்றது.

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. நான் படலையடியில் நின்றேன். எத்தனை தரம் வீதியை எட்டிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் ஈர வேட்டியோடு கணேசன் வந்தான், இருபுறமும் காவலர்கள். நல்ல தூரம் விட்டு, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு சிவராசா. போகும்போதும் வரும்போதும் இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை என்று காவலர் சொன்னார்.

நலன்புரி வேலைக்கு இப்போது வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பாதிக்கப்பட்டவர்களின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக்காக மன்றாடாதீர்கள். மன்னிப்பது அவர்களுடைய கடமையல்ல. கோபம் அவர்களோடு இருக்கட்டும். அந்தக் கோபத்தோடேயே எதற்கு அவர்களால் சம்மதிக்க முடியும் என்று பாருங்கள், கிடைக்கும்வரை அசையாதீர்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு நெருங்கியபோது சிவராசாவே எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மிஸ், அந்தியேட்டிக்கும் உவனை அனுப்புங்கோ. இல்லாட்டி அதையும் என்ரை தலையிலை கட்டுவாங்கள். நான் பொலிசிலை சொல்லிப்போட்டன்."