நுனி போகாத வெற்றிலை

பனச்சமூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை ஏழு இருபது. இன்னொரு பஸ்ஸில் மலையடிவாரம் வரை நாற்பது நிமிடம். அதற்கப்பால் நடைதான். இரண்டே முக்கால் மணி நேர வழி என்று சொன்னார்கள். எனக்கும் என் மனைவிக்கும் நாலு மணி பத்து நிமிடம் ஆயிற்று. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஐப்பசிக் கடைசியில் இது நடந்தது.

இளைய மகளின் கல்யாணத்துக்கு என் மனைவியின் அண்ணனை அழைக்கப் போனோம். அவர் இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தில் நல்லமிளகும் கமுகும் வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். மூத்தவளின் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. காரணம் நான்தான். மழை, மலைவழி, லீவு இல்லை என்று மூன்று காரணங்கள் சொல்லி, அழைப்பிதழைத் தபாலில் அனுப்பிவிட்டேன். எங்கள் வீடுகளில் தாய்மாமனைத் தபாலில் அழைப்பதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் நேரில் போய் வெற்றிலை பாக்கைக் கையில் கொடுக்க வேண்டும். மணப்பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டி வருகிறவர் அவர். அன்று வேறொரு உறவுக்காரர் கூட்டி வந்தார். என் மனைவி பந்தலில் அழவில்லை. அதன் பிறகு ஆறு வருடம் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. இளையவளுக்கு நாள் குறித்த அன்றுதான் சொன்னாள்: "எனக்க அண்ணன் வராம இவளுக்குத் தாலி கெட்டப்படாது."

குன்னத்துகால் சந்தையில் இருபத்தைந்து வெற்றிலை வாங்கினேன். ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கியது. நல்ல காரியத்துக்கு நுனி போன வெற்றிலையைக் கொடுக்கக் கூடாது. ஈர வாழையிலையில் பொதிந்து, துணிப்பையில் வைத்து, பையை நானே வைத்துக்கொண்டேன்.

அடிவாரத்தில் ஒருவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். பள்ளத்தில் உள்ள வீடுகளுக்கு உப்பும் மண்ணெண்ணெயும் சுமந்து போகிறவர். தலையில் சாக்கு, கையில் டின். முதல் அரை மணி நேரம் ரப்பர் மரங்களுக்கு நடுவே நல்ல வழி. ரப்பர் முடிந்ததும் வழி கல்லாயிற்று. கல்லும் வேரும் மாறி மாறிப் படிகள் மாதிரி மேலே போயின. நானூற்றுப் பதினெட்டு வரை எண்ணினேன். அங்கே கால் வழுக்கி உட்கார்ந்ததில் கணக்கு விட்டுப்போயிற்று. உட்கார்ந்தபடியே பொதியைத் திறந்து பார்த்தேன். இரண்டு வெற்றிலைக்கு நுனி மடங்கியிருந்தது. எடுத்து எறிந்துவிட்டுத் திரும்பக் கட்டினேன்.

ஒரே ஓடையை ஐந்து இடத்தில் கடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் பட்டிருக்குமோ என்று பொதியைத் திறந்தேன். இரண்டாவது இடத்தில் மிச்சம் பத்தொன்பது. மூன்றாவதில் பதினாலு. சுமைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"சாரே, வெத்தலையா கொண்டு போறிய, கோழிக்குஞ்சா? மட்டத்துக்கு மட்டம் தொறந்து பாக்குதிய."

என் காலில் அட்டைகள். ஏழு வரை எண்ணிச் சொன்னேன்.

"எண்ணாதேயும். எண்ணுனா அதுக்குச் சந்தோசமாக்கும், சொந்தக்காரங்களையும் விளிச்சிட்டு வரும்" என்று அவர் உப்புச் சாக்கில் விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுத்துத் தந்தார். என் மனைவி சிரித்தாள். முழங்கால் வலியோடு ஏறிக்கொண்டிருந்தவள், அன்று முதல் முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

மேடு முடிந்ததும் பள்ளம் திடீரென்று காலுக்குக் கீழே தெரிந்தது. இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை, நடுவில் கமுகு, ஒன்பது கூரை. ஒன்பதே கால் மணிக்குத்தான் அங்கே வெயில் விழும், மூன்று மணிக்குப் போய்விடும் என்றார் சுமைக்காரர். இறங்கும் வழி ஏறியதைவிட மோசம். ஒரு கையால் வேரைப் பிடித்து, மறு கையால் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினேன்.

மச்சான் முற்றத்தில் நல்லமிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. தங்கையைப் பார்த்து, "எட்டி, காலை நீட்டி இரி. அட்ட உண்டா பாரு" என்றார். பிறகு மிளகைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "தபால்காரனுக்கு வழி தெரியலியாக்கும். நீங்களே சொமந்துட்டு வந்துட்டிய."

சுமைக்காரர் டின்னை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். நான் பொதியைத் திறந்தேன். மிச்சம் எட்டு. எட்டில் ஒன்றுக்குக்கூட நுனி இல்லை. சில காம்போடு கன்றிப் போயிருந்தன. திரும்ப ஒரு முறை எண்ணினேன். எண்ணினால் நுனி வராது என்று தெரியும்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "எண்ணி எண்ணியே அதுக்க உயிர எடுத்துப்போட்டிய" என்றாள். இந்த முறை நான் நேரில்தான் வந்திருந்தேன். ஆனாலும் வந்து நின்றது வெறுங்கையோடு.

அவள் சட்டென்று எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனாள். அங்கே ஒரு கமுகில் வெற்றிலைக்கொடி ஏறியிருந்தது. ஐந்து வெற்றிலை பறித்து வந்தாள். அடுக்களையில் இருந்து தட்டெடுத்து, வெற்றிலையையும் பாக்கையும் அழைப்பிதழையும் வைத்து என் கையில் தந்தாள்.

மச்சான் பார்த்தார். "எனக்க கொடியில உள்ள வெத்தலைய எனக்கே தாறியளா? நல்ல கதையாக்கும்."

"அந்தக் கொடி ஏது?" என்றாள் அவள். "அம்ம நட்ட மூட்டுல இருந்து நீ முறிச்சுட்டு வந்ததுதானே. அதுல பாதி எனக்கும் உண்டு. நான் எனக்க பாதியில இருந்துதான் பறிச்சேன்."

"பாதி எதுன்னு நீ எப்பிடிக் கண்ட?"

"கெழக்க பாத்து நிக்குத பாதி."

 அவர் மிளகு உதிர்ப்பதை நிறுத்தினார். நான் தட்டோடு நின்றேன். மனதுக்குள் நூற்று நாற்பது வரை எண்ணியிருப்பேன். அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. "அன்னைக்கும் நான் வந்திருக்கணும் மச்சான். மலை அன்னைக்கும் இதே மலைதான்" என்றேன்.

"கை வெறைக்கி. இஞ்ச தாரும்" என்று தட்டை வாங்கிக் கீழே வைத்தார். ஒரு வெற்றிலையை எடுத்து வேட்டியில் துடைத்தார். வாயில் போடவில்லை, மடியில் சொருகிக்கொண்டார். வாறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மரச்சீனிக்கிழங்கும் மிளகாய் உடைத்ததும் கொடுத்தார். மூவரும் சாப்பிட்டோம். இரண்டு மணிக்கு, "வெளிச்சம் போறதுக்கு முன்ன எறங்கணும்" என்று எங்களை அனுப்பினார்.

வாங்கினாரே, அதுவே போதும் என்றாள் என் மனைவி. எனக்குப் போதவில்லை. கை நடுங்குகிறதே என்று தட்டை வாங்கிவைப்பது அழைப்பை ஏற்பது ஆகுமா? கல்யாணம் வரை பதினெட்டு நாள், தினமும் ஒரு முறையாவது இதை அவளிடம் கேட்டேன். ஏழாம் நாளுக்குப் பிறகு அவள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

முகூர்த்தம் பத்தேகால். ஒன்பதரை வரை மச்சான் வரவில்லை. வேறு ஆள் பார்க்கட்டுமா என்று யாரோ கேட்டார்கள். என் மனைவி பார்த்த பார்வையில் கேட்டவர் நகர்ந்துவிட்டார். ஒன்பது நாற்பதுக்கு மச்சான் வந்தார், முழங்கால் வரை சேறு. பின்பக்கம் கிணற்றடியில் கால் கழுவி, புது வேட்டி மாற்றி, நேராகப் பெண்ணின் அறைக்குப் போனார். அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்து மணவறையில் உட்காரவைத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

பந்தியில் அவர் வரிசையில் பரிமாற நின்ற ஆளை மாற்றி நானே நின்றேன். இரண்டு முறை சோறு, மூன்று பாயசம்.  சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்தார், உறவு வேண்டும் என்கிறவர்கள் மடிக்கிற மாதிரி. எழுந்து கை கழுவப் போனார். நான் அடுத்த வரிசைக்குப் பருப்பு விளம்பப் போனேன்.