முதல் இன்ச் இல்லாத டேப்

முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் இருந்தேன். மற்றவர்கள் நிரப்பிய விண்ணப்பப் பாரங்களைத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலையின் பெரும்பகுதி. கருப்பு மைக்குப் பதில் நீல மை, அடையாள அட்டை எண்ணில் ஓர் இலக்கம் குறைவு, தேதி இல்லை. மலேசியாவின் பகாவ் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் என்னைத் திட்டாத குடும்பம் குறைவு. ஆனால் நான் நிரப்பிய பாரம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. வந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. அது என் தம்பியுடையது.

தம்பி எனக்குப் பதினைந்து வயது இளையவன். தோட்டத்தில் மற்றவர்களெல்லாம் பந்தை உதைத்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் பஸ் ஏறிப் போய் டவுனில் சீனப் பள்ளித் திடலில் கூடைப்பந்து ஆடினான். பத்தொன்பது வயதில், ஜொகூரில் ஓர் அணி அவனைச் சம்பளத்துக்கு எடுக்க விரும்பிப் பாரம் அனுப்பியது. அதில் உயரத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. அம்மா தையல் வேலை செய்பவர். அவருடைய டேப்பை எடுத்து, தம்பியைச் சுவரோடு நிறுத்தினேன். டேப்போ அறுபது இன்ச், ஆள் அதற்கு மேல். அறுபதில் பென்சிலால் கோடு போட்டு, அங்கிருந்து மறுபடியும் டேப்பை வைத்து மிச்சத்தை அளந்தேன். எழுபத்தாறு இன்ச், 193 சென்டிமீட்டர். கருப்பு மையில் எழுதி அன்றே பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

மூன்று நாள் கழித்துத்தான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது.

“அந்த டேப்புலயா அளந்த? அதுல மொத இன்ச்சே கெடையாதே. நைஞ்சி போச்சின்னு நாந்தான் வெட்டிப் போட்டேன். ஒன்னு கழிச்சிதான நான் தைக்கிறேன்.”

இரண்டு முறை வைத்து அளந்ததால் இரண்டு இன்ச் தப்பு. தம்பி உண்மையில் 188. திருத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். தம்பி பேனாவைப் பிடுங்கிக்கொண்டான்.

“விடுக்கா. அங்க போயி வளந்துக்கிறேன்லா.”

வளரவில்லை. தாளில் இருந்த உயரத்தை நம்பி அவனைக் கூடைக்கு அடியில் நிறுத்தினார்கள். நேரில் இருந்த உயரத்தோடு அவன் அங்கே நின்று, தன்னைவிட ஒரு தலை பெரியவர்களின் முழங்கைகளை முகத்தில் வாங்கினான். சீசன் முடிந்ததும், நல்ல பையன், நல்ல உழைப்பாளி என்று பாராட்டி விடுவித்தார்கள். அடுத்த அணி பழைய அணியின் தாளைப் பார்த்து 193 என்று எழுதிக்கொண்டது. முத்திரை விழுந்த தவறுக்கு எவ்வளவு ஆயுள் என்பது என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். ஈப்போ, பினாங்கு, கோத்தா கினபாலு, ஹாட்யாய், மேடான் என்று பதினேழு வருடத்தில் பதினொரு அணிகள். ஒவ்வொரு முறையும் உதட்டில் தையலோடும் வாயெல்லாம் சிரிப்போடும் வீட்டுக்கு வருவான். கொண்டுவரும் அணிச் சட்டைகளை வெட்டி அம்மா பைகள் தைத்தார். எங்கள் வீட்டில் மீன் வாங்க ஹாட்யாய் போகும்; காய்கறிக்கு ஈப்போ.

ஒரு குறைதான். அம்மா அவன் ஆடிப் பார்த்ததே இல்லை. முட்டிவலியால் அவரால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வண்டியில் உட்கார முடியாது. தம்பி ஆடிய ஊர் எதுவும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் இல்லை. அவனுக்கு முப்பத்தாறு வயதானபோது, சிரம்பான் அணியொன்று அனுபவமுள்ள ஆள் தேடியது. ஒரே ஒரு சீசன், வீட்டுக்குப் பக்கத்தில். அதோடு நிறுத்திவிடுவேன் என்றான். அவன் ஆசைப்பட்டுக் கேட்டு நான் கண்டது அது ஒன்றைத்தான்.

பாரத்தில் ஓர் அதிகாரியின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். அப்போது நான் அதிகாரி. தம்பி 193 என்று நிரப்பியே கொண்டுவந்தான்.

“இதுல நான் கையெழுத்துப் போட முடியாது.”

“அக்கா, அத எழுதுனதே நீதானே!”

“அப்ப எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும்.”

புதுப் பாரம் எடுத்து 188 என்று எழுதி முத்திரை குத்தினேன். அவன் சண்டை போடவில்லை. “சரிக்கா” என்றான். இரண்டு வாரத்தில், இடமில்லை என்று பதில் வந்தது.

தம்பி கோச்சுக்குப் போன் செய்து காரணம் கேட்டான். அவர் புதியவர், வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர், தம்பியைப் பார்த்ததில்லை. எல்லா ஆட்டக்காரர்களும் உயரத்தைக் கூட்டித்தான் எழுதுவார்களாம். அதனால் யார் தாளாக இருந்தாலும் அவர் ஐந்து கழித்துவிடுவாராம். 193 என்று இருந்திருந்தால் 188, அது போதும். 188 என்றால் 183, அது போதாது.

பதினேழு வருடப் பொய்யால் கெடாத காரியத்தை என் ஒரு கையொப்பம் கெடுத்துவிட்டது. அம்மா தைத்துக்கொண்டே, “சிரம்பான்னா காலையில போய்ட்டு பொழுதோட வந்துரலாம்னு இருந்தேன்” என்று மட்டும் சொன்னார்.

அவசர விடுப்பு என்று ஒன்று உண்டு. மற்றவர்கள் கேட்டால் ஆதாரம் காட்டச் சொல்வேன். அதை எடுத்துக்கொண்டு தம்பியைக் காரில் ஏற்றிச் சிரம்பானுக்கு ஓட்டினேன். வழியெல்லாம் அவன், “முடி வெட்டாம வந்திருக்கணும்கா, அரை இன்ச் கெடைச்சிருக்கும்” என்று சொல்லிக்கொண்டே வந்தான். மண்டபத்தில் கோச்சிடம் பாரத்தின் நகலைக் காட்டி மலாயில் பேசினேன்.

“இது என் முத்திரை. நான் கூட்டி எழுதல. நீங்களே அளந்து பாருங்க.”

சீனர், என் வயதிருக்கும். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தம்பியின் காலணிகளைக் கழற்றச் சொல்லி, சுவரில் வரைந்திருந்த அளவுகோலோடு நிறுத்தினார். எட்டிப் பார்த்தார். குனிந்து, குதிகால் தரையில் படுகிறதா என்று பார்த்தார். மறுபடியும் எட்டிப் பார்த்தார். இந்த முறை, ‘அம்மணி’ என்று மலாயில் மரியாதை வைத்துப் பேசினார்.

“புவான், இத்தன வருசத்துல தாள்ல இருக்கிற ஆளே நேர்ல வந்தது இன்னிக்குத்தான்.”

அங்கேயே ஒப்பந்தத்தில் கையெழுத்தானது.

முதல் ஆட்டத்துக்கு அம்மாவை அழைத்துப் போனேன். வாசலில் கொடுத்த தாளில் எல்லாருடைய படமும் உயரமும் இருந்தன. தம்பியின் படத்துக்குக் கீழே 193. எவனோ பழைய தாளைப் பார்த்து அடித்திருக்கிறான். திருத்தப் பேனாவை எடுத்தேன். அதற்குள் இரண்டு அணிகளும் வரிசையாக உள்ளே வந்தன. எங்கள் வீட்டு நிலையில் தினமும் தலையை இடித்துக்கொண்டவன், அந்த வரிசையில் கிட்டத்தட்டக் கடைசி ஆள்போல் நின்றான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னாடி இது? இருக்கிறதுலயே இவன்தான் குள்ளமா?”

“கிட்டத்தட்ட.”

“இத்தன வருசமும் இவனுங்ககூடயா முட்டிக்கிட்டு நின்னான்?”

ஆட்டம் தொடங்கி வெகுநேரம் பெஞ்சில் இருந்தான். பிறகு இறக்கினார்கள். உள்ளே போன கையோடு, இரண்டு மீட்டர் ஆள் ஒருவன் முழங்கையால் இடித்தும் அசையாமல் நின்று, பந்தைப் பிடித்து வேறொருவனுக்குக் கொடுத்தான். அம்மா முட்டிவலியை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

“டேய் நெட்டக்கொக்கு! எம்புள்ளய இடிக்காதடா!”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. தம்பியும் பார்த்தான், சிரித்தான், அதற்குள் பந்து எதிரணிக்குக் கைமாறி, அவன் காவல் காக்க வேண்டிய ஆள் கூடையில் பந்தைப் போட்டுவிட்டான். கோச் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தேன். அது மேடான் பை.