ஏழாம் நம்பர் டோக்கன்

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு, ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அத்தை போன் செய்தாள். என் அண்ணன் ராஜப்பா போய்விட்டார். மஜ்ஜை மாற்றி எழுபத்தொன்பதாம் நாள். நூறு நாள் தாண்டினால் பயம் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அண்ணன் இருபது வருஷம் தங்கச் சுரங்க வாசலில் டோக்கன் பலகையைப் பார்த்துக்கொண்டவர். இறங்குகிறவன் பலகையிலிருந்து தன் நம்பரை எடுத்துப் போக வேண்டும். ஏறி வந்ததும் மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான். தேடப் போவார்கள்.

ரத்தப் புற்றுநோய்க்கு என் மஜ்ஜையைத்தான் ஏற்றினார்கள். அண்ணன் உடம்பில் ஒரு வைரஸ் பல வருஷமாகத் தூங்குகிறதாம். அது எனக்கு வந்ததே இல்லையாம். அதனால் என் காவல் அணுக்களுக்கு அதைத் தெரியாதாம். சிலருக்கு அதை அடக்கும் மரபணு பிறவியிலேயே இருக்கலாம், ஆராய்ச்சி நடக்கிறது என்று சொல்லி டாக்டர் என்னிடம் இன்னொரு குழாய் ரத்தம் எடுத்தார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "இன்னாமே இந்து, ஒரு காய்ச்சலக்கூட ஒழுங்கா வாங்கி வெச்சிக்கலையா நீ? தெருவுல ஆடச் சொன்னா புஸ்தகத்த எடுத்துக்கினு குந்திக்குவ. உன் பட்டாளந்தான் எனக்குக் காவலா?"

"புடிக்கலன்னா திருப்பிக் குடுண்ணா."

"குடுக்கறேன். ரசீது கீதா உங்கிட்ட?"

ஆஸ்பத்திரியிலிருந்து, சுரங்க ஊரான கோரமண்டலில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அண்ணன் வாசலில் பலகை அடித்தார். பத்து ஆணி, தகர மூடியில் வெட்டிய பத்து டோக்கன். கை கழுவி, டோக்கன் எடுத்து உள்ளே வர வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான்.

ஒருநாள் நான் என் ஏழாம் நம்பரோடு உள்ளே இருந்தேன். அண்ணனோடு வேலை பார்த்த சௌந்தரராஜன் வந்தார். அண்ணன் கட்டிலிலிருந்தே தடுத்தார்.

"வராதப்பா. மூணாம் நம்பர் காலி. தாயம்மா அத்த உள்ள கீது."

"எங்கப்பா? காணோமே."

"போர்டு பொய் சொல்லுமா?"

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். சௌந்தரராஜனும் சுரங்கத்து ஆள். டோக்கன் இல்லாமலே, கையை மட்டும் கழுவிக்கொண்டு வந்து, டார்ச் அடித்துக் கட்டிலுக்கடியில் நுழைந்தார். அண்ணன் மேலேயிருந்து, "அந்த மூலையாண்ட பாரு" என்றார். அப்போது பின்வாசல் வழியாக அத்தை குடத்தோடு வந்தாள்.

"எம்மாம் நேரமா கொழாயாண்ட நிக்கறேன்! கட்லுக்கடியில இன்னாடா தேடறீங்க?"

"உன்னத்தான்" என்றது கட்டிலடியிலிருந்து ஒரு குரல். டோக்கன் அவள் முந்தானை முடிச்சில் இருந்தது. அண்ணன் அவளை ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்தார். சமையல் நின்றுவிடும் என்றதும் அன்று மாலையே உத்தரவை ரத்து செய்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் ஏறியது. அத்தையும் நானும் அண்ணனை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வைரஸ் விழித்துக்கொண்டது, நுரையீரலுக்கும் போய்விட்டது என்றார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே அண்ணன் கேட்டார்:

"வூட்லருந்து கெளம்பறப்ப டோக்கன மாட்டினியா?"

"மாட்டிட்டேண்ணா."

பள்ளியில் லீவு சொல்ல நான் மட்டும் திங்கள் இரவு ஊருக்குத் திரும்பினேன். ஏழாம் ஆணி காலியாக இருந்தது. டோக்கன் என் கைப்பையில் இருக்கிறது. இன்னும் மாட்டவில்லை.