சரிபார்க்காமல் போட்ட பச்சை டிக்

நான் எழுதிய மென்பொருளைத் திட்ட என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

கேமரா கார்டிலிருந்து படங்களைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்து, முடிந்ததும் ஒரு பச்சை டிக் காட்டும் சின்ன மென்பொருள் அது. காப்பியான படம் பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று சோதிக்கும் வசதியும் உண்டு. ஆனால் சோதித்தால் இரண்டு மடங்கு நேரமாகும். வேகம்தான் கெத்து என்று நினைத்த மேதாவி நான், அதை அணைத்து, செட்டிங்ஸின் மூன்றாம் பக்கத்தில் புதைத்து வைத்தேன். வேண்டுகிறவர்கள் தேடி எடுத்துக்கொள்ளட்டுமாம்!

அந்த மென்பொருளைப் பயன்படுத்தி வந்த, ஊரப்பாக்கத்தில் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டெல்லா அக்கா ஒருநாள் என்னை வரச் சொன்னார். திரையில் தாலி கட்டும் படம். மணமக்களின் முகம் இருந்தது. கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். நாற்பது படங்கள் அப்படித்தான். கார்டை அவர் ஏற்கெனவே அழித்து, அடுத்த கல்யாணத்தையும் அதில் எடுத்துவிட்டார்.

"செட்டிங்ஸ்ல வெரிஃபை ஆன் பண்ணலையாக்கா? அது பேசிக் ஆச்சே," என்றேன். அந்தக் குரலை நினைத்தால் இன்றும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

அக்கா கத்தவில்லை. "பச்சை டிக் வந்துச்சேப்பா. அதைப் பார்த்துதான் கார்டை அழிச்சேன். சரியா வந்துச்சான்னு நீ பார்க்கவே இல்லன்னா, எதுக்கு டிக் போட்ட?"

மறுநாளே சோதனை எல்லாருக்கும் தானாக ஓடும்படி மாற்றினேன். வேகம் வேண்டுகிறவர்கள் அணைத்துக்கொள்ளலாம். அப்போது டிக் வராது, 'சோதிக்கவில்லை' என்றுதான் வரும்.

மணமகள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டவர் அக்கா. டிக் போட்டவன் போகவில்லை.