மில்லிக்கன் கடையில் சாட்சி சொன்னேன்

ரொறன்ரோ, மில்லிக்கனில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே பிளேன்டீ குடித்தபடி இரண்டு பேர், இலங்கைப் போரைத் தொடங்கியது யார் என்று மேசையில் குத்திக் கத்துகிறார்கள்.

"சிங்களம் மட்டும் எண்டு சட்டம் போட்டு, வீடுகளைக் கொளுத்தினது அவங்கள்!"

"முதல் துவக்குத் தூக்கினது எங்கட இயக்கப் பொடியள்தானே!"

நான் கிளிநொச்சியிலிருந்து தங்கையைப் பார்க்க வந்தவன் என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்புகிறார்கள்.

"அங்கயே இருந்தனீங்கள். நீங்களே சொல்லுங்கோ அண்ணை."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"என்ர மகளைச் சண்டைக்கு இழுத்துக்கொண்டு போனது எங்கட பொடியள். ஷெல் அடிச்சு அவளைச் சாக்காட்டினது ஆமி. ரெண்டு பேரும் மற்றவன்தான் தொடங்கினது எண்டு சொன்னவங்கள். என்ர பிள்ளையை ஆர் திருப்பித் தருவினம்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, ஒரே நேரத்தில் சொல்கிறார்கள்:

"பாத்தியே, நான் சொன்னதுதானே!"