அக்கா வீட்டுச் சிவப்புப் பூ

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவரை நினைத்து வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம். போன வருடம் வேண்டிய மட்டும் அழுதாயிற்று. இன்று அக்கா ஜெயித்த கதையைச் சொல்லப்போகிறேன்.

அக்கா பிறந்தது மலைமேல், போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறித்து எங்களை வளர்த்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் தோட்ட வேலை நொடித்துப்போக, அக்காவும் அத்தானும் என்னையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு இறங்கினார்கள். அத்தான் ஆட்டோ ஓட்டினார். அக்காவுக்குத் தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. பிள்ளை இல்லையே என்று அக்காவிடம் யாரும் இரக்கம் காட்டிவிட முடியாது. காட்டியவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்த லாட்ஜின் வரவேற்பு மேசையில் ப்ரோமிலியாட் என்றொரு செடி இருந்தது. பார்க்க அன்னாசிச் செடிக்குத் தங்கை மாதிரி. நடுவில் மட்டும் ரத்தச் சிவப்பாக, மாதக்கணக்கில் வாடாத பூ. வருகிறவர்களெல்லாம் பிளாஸ்டிக்கா என்று கிள்ளிப் பார்ப்பார்கள். ஒருநாள் பூ காய்ந்தது.

“ஒருதரம் பூத்தா அவ்வளவுதான், செத்துப்போகும். குப்பையில போடு” என்றார் மேனேஜர்.

அக்கா தொட்டியைத் தூக்கிப் பார்த்தார். வாழைக்கு இருப்பதுபோல் அடியில் இரண்டு பக்கக்கன்றுகள். நேரே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

“மலையில நம்மளையும் இப்பிடித்தான போகச் சொன்னாங்க? இதை நான் பூக்க வைக்கலேன்னா என் பேரை மாத்திக் கூப்பிடு” என்று என்னிடம் சபதம் வேறு.

அத்தான் சும்மா இருந்தாரா? தேயிலைக்காட்டில் வளர்ந்தவருக்கு எந்தச் செடிக்கும் தேயிலைதான் மருந்து. இலைகளின் நடுவே கிண்ணம் போலிருந்த குழியைப் பார்த்தார். வடிகட்டிய டீச்சக்கையைப் பாலும் சீனியுமாக அதிலேயே கொட்டிவிட்டார். எறும்பு மொய்த்து, குருத்து அழுகி, ஒரு கன்று போயே போய்விட்டது.

“பாலும் சீனியுமா குடுத்திருக்கீங்களே, அதென்ன விருந்துக்கு வந்த மாப்பிள்ளையா?” அக்கா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. அத்தான் இரண்டு நாள் டீயே கேட்கவில்லை.

மீதி இருந்தது ஒரே கன்று. அக்கா அதை மண்ணிலிருந்து எடுத்து, தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் போட்ட தொட்டியில் வைத்தார். மலையில் மரத்தில் ஒட்டி வளரும் செடிகளைப் பார்த்த பழக்கம். “இதுக்கு வேருல இல்ல, வயித்துலதான் தண்ணி ஊத்தணும்” என்பார். குழியில் மழைத் தண்ணீர். வாரம் ஒருமுறை கவிழ்த்துக் கொட்டிப் புதுத் தண்ணீர். காலை வெயில் படும் ஜன்னலோரம் அதற்கே பட்டா. இலை பளபளவென்று வளர்ந்தது. பூ மட்டும் வருவேனா என்றது, வருடக்கணக்காக.

அப்போதுதான் ஊரெல்லாம் சிக்குன்குனியா. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரச் சேச்சி அடுத்த வாசல்; அவருக்குக் கொசு என்றாலே நடுக்கம். செடிக்குள் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று கத்தினார்: “செடி வேணோ, வீடு வேணோ? இப்போ பறையணும்!”

“செடியும் வேணும், வீடும் வேணும் சேச்சி” என்றார் அக்கா.

மறுநாள் சுகாதாரப் பணியாளர்கள் வந்தார்கள். சேச்சியே அவர்களை அழைத்துவந்து செடியைக் காட்டினார். டார்ச் அடித்துப் பார்த்தார்கள். குழியில் தெளிந்த தண்ணீர், ஒரு புழு இல்லை. பிறகு சேச்சியின் வீட்டுக்குப் போனார்கள். பிரிட்ஜின் பின்னால் தண்ணீர் வடியும் தட்டில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது.

“அய்யோ, இது எவிடுந்நு வந்நு?” என்று சேச்சி தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அக்கா என்னை முறைத்துவிட்டு, “வாங்க சேச்சி, ரெண்டு பேருமா கழுவிடலாம்” என்று உள்ளே போனார்.

அன்று முதல் இருவரும் தோழிகள். விளக்கு வைக்கும் நேரத்தில் சேச்சி சாம்பிராணி கொண்டுவருவார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் புகை போடுவார்கள். அக்கா முதலில் செடியைச் சுற்றித்தான் காட்டுவார். சில வாரங்களில், என்ன சொல்ல, குருத்துச் சிவந்தது! புகை பட்டால் இந்த இனம் பூக்கும் என்று ஒரு நர்சரிக்காரர் பின்னால் சொன்னார். எங்களுக்கு அது எங்கே தெரியும்? சேச்சி தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

அக்கா அந்தத் தொட்டியை அத்தான் ஆட்டோவில் ஏற்றி, லாட்ஜ் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

“புதுசா வாங்கினியா?” என்றார் மேனேஜர்.

“நீங்க குப்பையில போடச் சொன்னீங்களே சார், அதோட பிள்ளை.”

அக்காவின் பேரை யாரும் மாற்ற வேண்டி வரவில்லை.

அந்தச் செடியும் காய்ந்தது. காயும் முன் கன்றுகள் விட்டது. அவை மேலும் விட்டன. கடைசியாக அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், “எனக்கு டிரிப் ஏத்துறது இருக்கட்டும், அதுகளுக்குத் தண்ணி மாத்தினியா?” என்றுதான் கேட்டார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்த வீட்டுக்காரச் சேச்சிக்கும், தோள் கொடுத்த லாட்ஜ் ஊழியர்களுக்கும், மலையிலிருந்து இறங்கிவந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த நினைவு மலரோடு ஆளுக்கொரு கன்றும் உண்டு. வாசலில் நின்று எடுத்துக் கொடுப்பவர் அத்தான்தான். “டீச்சக்கை மட்டும் போட்டுறாதீங்க” என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். சொல்லும்போது அவர் கண்ணைப் பார்க்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பூத்ததும் அவருக்கு ஒரு போன் செய்யுங்கள். அக்கா உங்கள் வீட்டிலும் ஜெயித்துவிட்டார் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.