மூன்றாம் போர்டில் வலிக்கும் முட்டி

வாசலில் கழற்றிவிட்ட செருப்பைத்தான் ஷாஸியா முதலில் புரட்டிப் பார்ப்பாள். ஆளின் முகமெல்லாம் அப்புறம். குதிகால் தேய்ந்திருக்கும் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "வலது முட்டிதானே?" என்பாள். பத்தில் எட்டு முறை சரியாக இருக்கும். மற்ற இரண்டு முறை அது மச்சானிடம் இரவல் வாங்கிப் போட்டுவந்த செருப்பாக இருக்கும்.

காலடிப்பேட்டையில் ஒற்றை அறை, ஒரு கட்டில், இருபத்தேழு வயது பிசியோதெரபிஸ்ட். முட்டி என்று பேச்செடுத்தால் அவளுடைய டீ ஆறிவிடும். ஒரு முஷ்டியின் மேல் இன்னொன்றை வைத்து, மேலே தொடை எலும்பு, கீழே கால் எலும்பு, நடுவே மெத்தை மாதிரி இரண்டு குருத்தெலும்பு, இழுத்துக் கட்டிய கயிறாக நாலு தசைநார் என்று மூச்சுவிடாமல் சொல்வாள். நாள் முழுக்கக் குந்தி மீன் ஆயும் பெண்களின் வலி வேறு, பந்தாட்டத்தில் சட்டென்று திரும்பி நாரைக் கிழித்துக்கொண்ட பையன்களின் வலி வேறு. ஐம்பதைத் தாண்டியவர்கள் எல்லாருமே தேய்மானம் என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். அந்த வார்த்தையை மட்டும் அவள் உடனே நம்பமாட்டாள்.

ஸ்டானிஸ்லாஸும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் கண்டெய்னர் ஏணி ஏறி இறங்கியவர். ராயபுரத்துக் கேரம் கிளப்பின் மூத்த ஆட்டக்காரர். இரண்டு வாரத்தில் இறுதிப் போட்டி. ஆட்டத்தில் மூன்றாவது சுற்று, அதாவது மூன்றாவது போர்டு வந்தாலே முட்டிக்குள் ஊசி குத்துகிறதாம். பெயரை எடுத்துவிடச் சொல்லப் போகிறேன் என்றார்.

"தேஞ்சு பூட்ச்சிமா. எக்ஸ்ரே படத்துலயே கீது பாரு."

படத்தில் தேய்மானம் கொஞ்சம்தான் இருந்தது. போர்டின் முன்னால் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து காட்டச் சொன்னாள். அவர் உட்கார்ந்ததும் இரண்டு பாதங்களும் தாமாகப் பின்னால் போய் ஸ்டூல் கால்களைச் சுற்றிக்கொண்டன. ஷாஸியா கைதட்டியே விட்டாள்.

"முட்டிச் சில்லு ஒரு காய் மாரி, அங்கிள். தொடை எலும்புல ஒரு பள்ளம் கீது, அதுல மேலயும் கீழயும் வழுக்கினு போவணும். நீங்க மூணு மணி நேரம் காலை மடிச்சு, அந்தக் காயை அமுக்கிப் புட்ச்சிகினு கீறீங்க."

ஸ்டூலை உயர்த்தச் சொன்னதற்கு மட்டும் அவர் மசியவில்லை. பதினொரு கோப்பை வாங்கித் தந்த ராசியான ஸ்டூலாம் அது. சரி, ஸ்டூல் இருக்கட்டும், பாதத்தை முன்னால் வையுங்கள் என்றாள். தினமும் முப்பது முறை காலை நீட்டித் தொடையை இறுக்கவும் கற்றுக்கொடுத்தாள்.

போட்டியன்று அவள் முன்வரிசையில் இருந்தாள். பார்க்க வந்தவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. இரண்டு போர்டு வரை பாதங்கள் முன்னாலேயே இருந்தன. மூன்றாவதில் சிவப்புக் காய் ஓரத்தில் ஒட்டி நின்றது. ஸ்டானிஸ்லாஸ் குனிந்தார், பாதங்கள் மெல்லப் பின்னால் ஊர்ந்தன, முகம் சுளித்தது.

ஷாஸியா எழுந்து, அவர் கண்ணில் படும் மூலைக்குப் போனாள். புர்காவின் ஓரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வலது காலை நேராக நீட்டிப் பாதத்தை நிமிர்த்தினாள். ஸ்டூலுக்கு அடியிலிருந்து அவருடைய பாதம் வெளியே வரும்வரை அந்தக் காலை அவள் கீழே இறக்கவில்லை.